கீபோர்டு வாய் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

அவரை எல்லோரும் செட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். செட்டு என்றால் பல்செட்டு. பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையைத் தாண்டி, எக்ஸ்ரே எடுக்கும் இடத்தையும் தாண்டி, கடைசியில் ஒற்றை ஜன்னலோடு ஒரு சின்ன அறை. அங்கே பிளாஸ்டர் மாவு அச்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பல் கட்டிக்கொண்டிருப்பார். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவர் அந்த அளவில் மாவைக் கரைத்து ஊற்றுவார். ஈறும் அண்ணமும் வெள்ளை வெளேரென்று அச்சாக எழுந்து வந்ததும், அதன்மேல் மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக நடுவார்.

இவருக்கு ஆளைத் தெரியாது, வாயைத் தெரியும். தெருவில் யாராவது சிரித்தால், "இது நம்ம மேல்செட்டு, போன மழைக்காலத்துல கட்டினது" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். ஒருமுறை பேருந்தில் ஒருவர் இவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். இவரோ அந்த மனிதரின் வாயையே உற்றுப் பார்த்து, "வலது பக்கம் கடிக்கறப்போ வலிக்குதுங்களா?" என்று விசாரித்தார். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டார்.

பேச்சு குறைவு. டாக்டர் பத்து வார்த்தை பேசினால் இவர் ஒரு தலையாட்டலில் முடித்துக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். பேசுகிற பொறுப்பை மனைவி முழுசாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கணக்கு டியூஷன் எடுப்பவர். சாயங்காலமானால் முன்னறை நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து பின்னத்தோடும் வட்டிக் கணக்கோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். அது கொஞ்ச நாள் மேசைமேல் தூசி படிந்து கிடந்தது. பிறகு ஒருநாள் செட்டுக்காரர் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திறந்து பார்த்தால் கீபோர்டு. பாட்டு வாசிக்கிற கீபோர்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இசை அறையில் இருந்த பழைய பியானோவை யாரும் இல்லாத நேரத்தில் தட்டிப் பார்த்து, காதால் கேட்டதை விரலால் தேடிக் கண்டுபிடித்தவர் அவர். அதற்குப் பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை என்று காலம் ஓடிவிட்டது. அந்த ஆசை உள்ளே உயிரோடு இருக்கிறது என்பது கட்டிய மனைவிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வாசிங்களேன், கேப்போம்" என்றார் மனைவி, ஆசையாக.

"இதுல சத்தம் வராது."

"சத்தம் வராத வாத்தியமா? ஊமையை வாங்கிட்டு வந்திருக்கீங்க!"

அது கம்ப்யூட்டரோடு சேர்த்து வாசிக்கிற வகை. கீபோர்டுக்குள் ஸ்பீக்கரும் கிடையாது, சத்தம் எழுப்பும் சங்கதி எதுவும் கிடையாது. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் பிடித்தோம் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். சத்தம் போடுவது கம்ப்யூட்டரின் வேலை. முன்னறையில் டியூஷன் நடப்பதால் செட்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் வாசிப்பார். அவருக்குள் பியானோ கேட்கும். வெளியே இருப்பவர்களுக்குக் கட்டை இடிபடுகிற டக் டக் மட்டும்தான். "சார் உள்ளே என்ன டைப் அடிக்கறாரா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, "ஆமா, அவரு வாழ்க்கை வரலாறு" என்று சொல்லிவிட்டு மனைவி அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். இப்படியே சில வருஷம் போயிற்று. அவர் வாசிப்பதை ஒருவரும் கேட்டதில்லை. அவரும் கேட்கச் சொன்னதில்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அதுவே வசதியாகப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் பேண்டு டீச்சரின் மேல்செட்டு வந்தது.

பேண்டு டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாத்தியக்குழு நடத்தி ஓய்வு பெற்றவர். ஈறு நோயில் மேல்வரிசைப் பல் முழுக்கப் போய்விட்டது. செட்டுக்காரர் கட்டிய செட்டு அவருக்கு அழகாகத்தான் பொருந்தியது. சாப்பிட்டார், பேசினார், சிரித்தார். ஆனால் மறுபடி மறுபடி கிளினிக்குக்கு வந்துகொண்டே இருந்தார். டாக்டர் பார்ப்பார், கொஞ்சம் ராவுவார், "இப்ப எப்படி இருக்கு?" என்பார். "நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போவார். அடுத்த வாரம் திரும்பவும் வருவார்.

டாக்டருக்குப் பொறுமை போயிற்று. உள்ளறைக்கு வந்து, "நீங்களே வந்து கேளுங்களேன். என்கிட்ட எதையோ மறைக்கறாங்க" என்றார்.

செட்டுக்காரர் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அப்படி வருவது அவருக்குப் பழக்கமில்லை. எதிரே நேராக முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒல்லியான ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்றப்போ கழலுது?" என்று மட்டும் கேட்டார்.

டீச்சர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல, "ஊதறப்போ" என்றார்.

கிளாரினெட் ஊதுகிறவர்கள் மேல் முன்பல்லை வாத்தியத்தின் வாய்ப்பகுதிமேல் பதித்துக்கொள்வார்கள். சொந்தப் பல் என்றால் அது தாங்கும். கட்டிய பல்லில் முன்னால் அழுத்தினால் பின்னால் தூக்கிக்கொள்ளும். டீச்சர் கிளாரினெட்டை எடுத்து நாலு சுரம் ஊதுவதற்குள் செட்டு பின்பக்கம் கழன்று நாக்கின்மேல் உட்கார்ந்துவிடுகிறதாம். "இந்த வயசுல ஊதணுமான்னு நீங்க கேப்பீங்க. அதனாலதான் சொல்லல."

"நான் கேக்க மாட்டேன்" என்றார் செட்டுக்காரர்.

அடுத்த தடவை கிளாரினெட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார். உள்ளறையில், மாவு மூட்டைக்கும் பாலிஷ் மோட்டாருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீச்சர் ஊதினார். கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் காற்று. செட்டுக்காரர் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எப்படிக் கழல்கிறது என்று கவனித்தார். முன்பற்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட வேண்டும், பின்விளிம்பை அண்ணத்தோடு இன்னும் இறுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

"செட்டை நான் பாத்துக்கறேன் டீச்சர். நீங்களும் விடாம ஊதிப் பழகணும்."

"அதுதான் முடியல சார். தனியா ஊதறப்போ ஒரு இடத்துல தப்பினா உடனே நிறுத்திடறேன். வாத்தியத்தைப் பெட்டியில வெச்சு மூடிடறேன். கூட யாராவது வாசிச்சாங்கன்னா நிறுத்த முடியாது. அவங்களுக்காகவாவது ஓடிப் போய்ப் பிடிக்கணும்."

"நான் வாசிச்சுத் தரேன்" என்றார் செட்டுக்காரர்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. காது சூடாகிவிட்டது. டீச்சரோ அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வரிசையாக வாசலுக்கு நடந்துபோவதற்காக அவரே கட்டிய மெட்டு ஒன்று இருந்தது. அவசரமில்லாத மெட்டு. அதை அங்கேயே முனகிக் காட்டினார். செட்டுக்காரர் அதைக் காதில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிளினிக் மூடியிருக்கும்போது, புதுச் செட்டையும் கூட வாசிக்கிற பாட்டையும் சேர்த்துப் பார்ப்பதென்று பேச்சு. டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க டக் டக் பலமாகவே கேட்டது. வெள்ளிக்கிழமை வாக்கில் பாதிப் பாட்டு கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சத்தை ஞாயிறு காலை முடித்துவிடலாம் என்று நிதானமாக இருந்தார். சனிக்கிழமை செட்டை முடித்துப் பளபளவென்று தேய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தார். கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டி ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் இல்லை. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் இல்லை. திரையில் கீபோர்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "கருவி எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது.

"எதுவும் இல்லையா? கண்ணுக்கு முன்னாடி கல்லு மாதிரி கிடக்குதே!" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். வழக்கத்தில் அவர் மனிதர்களிடம்கூட அவ்வளவு பேச மாட்டார்.

ஒயரைப் பிடுங்கிச் செருகினார். வேறு ஓட்டையில் செருகினார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். வாசிக்கிற புரோகிராமை மூடித் திறந்தார். எங்கேயோ ஒரு பட்டனைத் தட்டப்போய் எழுத்தெல்லாம் பூதாகரமாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் போய்ப் புரோகிராமின் அமைப்புகள் நாலைந்தை மாற்றிவிட்டார். என்ன மாற்றினோம் என்பதே மறந்துபோனது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டக் டக் கேட்காததைக் கவனித்து மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"கீபோர்டைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியலை."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுதே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தெரிஞ்சுது. இப்ப யாரோ எவரோன்னு முழிக்குது."

மனைவியின் தம்பி ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். மனைவி உடனே அவனுக்குப் போன் போட்டு, கணவரின் காதில் வைத்தார்.

"மாப்ள, கம்ப்யூட்டர் கீபோர்டை எடுத்துக்க மாட்டேங்குது."

"அப்போ பாஸ்வேர்டை எப்படி மாமா அடிச்சீங்க?"

"அந்தக் கீபோர்டு இல்லை மாப்ள. வாசிக்கிற கீபோர்டு."

"ஓ, அந்த ஊமைக் கீபோர்டா!" மறுமுனையில் சிரிப்பு. "விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்போ ஒயர்ல குத்தம் இல்லை. கீபோர்டும் நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்தான் குழம்பிப் போச்சு. ரொம்பப் பழசு மாமா அது. பேசாம உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம். மத்தியானமா வரட்டுமா?"

செட்டுக்காரர் லேப்டாப்பைப் பார்த்தார். இத்தனை வருஷம் வாசித்தது எல்லாம் அதற்குள்தான் இருந்தது. பாதி முடிந்த டீச்சரின் மெட்டும் அங்கேதான். "வேண்டாம் வேண்டாம். நானே பாக்கறேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலையிலேர்ந்து என்னென்ன பண்ணினீங்க, வரிசையாச் சொல்லுங்க."

அவர் சொன்னார். சொல்லச் சொல்லவே தலையைச் சொறிந்தார்.

"ஏங்க, ஒரு கணக்கு தப்பா வந்தா, எல்லா எண்ணையும் ஒரே நேரத்துல மாத்திட்டு, விடை வருதான்னு பாப்பீங்களா? என் கிளாஸ்ல ஒரு பிள்ளை இப்படிப் பண்ணியிருந்தா முட்டியிலேயே ரெண்டு போட்டிருப்பேன்."

செட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய தொழிலிலும் அதே சட்டம்தான். செட்டு சரியாக உட்காரவில்லை என்றால், எல்லாப் பல்லையும் ராவ மாட்டார்கள். மேலுக்கும் கீழுக்கும் நடுவில் நீலத்தாள் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எந்தப் பல்லில் நீலம் அழுத்தமாக ஒட்டுகிறதோ, அங்கே மட்டும் ஒரு பொட்டு ராவிவிட்டு மறுபடி கடிக்கச் சொல்வார்கள். வேலையில் அவர் ஒருநாளும் இந்த முறை தவறியதில்லை. இங்கே மட்டும் பதற்றத்தில் அத்தனை பல்லையும் ராவித் தள்ளியிருக்கிறார்.

"சரி. முதல்லேர்ந்து" என்றார்.

மாற்றிய அமைப்புகளை எல்லாம் பழையபடி கொண்டுவந்தார்கள். பிறகு மனைவி விரல்விட்டுச் சொன்னார்: "இந்தப் பக்கம் கம்ப்யூட்டர். அந்தப் பக்கம் கீபோர்டு. நடுவுல ஒயர். மூணுல ஒண்ணு. முதல்ல கம்ப்யூட்டர்."

மௌஸைப் பிடுங்கி அதே ஓட்டையில் செருகிப் பார்த்தார்கள். டிங் என்று ஒலி எழுந்தது, அம்பு ஓடியது. ஓட்டையில் பழுதில்லை. கீபோர்டைச் செருகினால் அந்த டிங் கேட்கவில்லை. மூன்று முறை செய்து பார்த்தும் கேட்கவில்லை.

"அடையாளம் தெரியலைங்கறது அடுத்த விஷயம். யாரோ வாசல்ல வந்து நிக்கறாங்கன்னே அதுக்குத் தெரியலை" என்றார் மனைவி.

"ஆனா விளக்கு எரியுதே. ஒயர் வழியாத்தானே கரண்டு போகுது?"

"கரண்டு போகுது. வேற ஒண்ணும் போகலையோ என்னவோ." மனைவி ஒயரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு ஒயர், போனுக்குப் போடுகிற அதே முனை. "என் போனைச் செருகிப் பாருங்க. போனைக் கம்ப்யூட்டர்ல மாட்டினா, படத்தை எல்லாம் காட்டவான்னு கேக்கும் இல்லையா?"

செருகினார். போனில் சார்ஜ் ஏறுவதாகக் காட்டியது. கம்ப்யூட்டர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி எழுந்து போய்த் தன் போனோடு வந்த வெள்ளை ஒயரைக் கொண்டுவந்தார். அதை மாட்டியதும் டிங். படங்களைக் காட்டவா என்று திரை கேட்டது. போனைக் கழற்றி, அதே வெள்ளை ஒயரில் கீபோர்டை மாட்டினார் செட்டுக்காரர். டிங். கீபோர்டின் பெயர் திரையில் வந்து நின்றது.

கறுப்பு ஒயர், சார்ஜ் ஏற்ற மட்டுமே செய்த ஒயர். கரண்டைக் கொண்டுபோகும். பேச்சைக் கொண்டுபோகாது. வெளியில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

"இது நம்ம ஒயரே இல்லைங்க, நம்மளது முனையில நீல டேப் சுத்தியிருக்கும்" என்றார் மனைவி திடீரென்று. "வெள்ளிக்கிழமை தம்பி வந்தான் இல்ல? போன்ல சார்ஜ் இல்லைன்னு இங்கதான் உக்காந்திருந்தான்."

மறுபடி போன். இந்தத் தடவை அக்காவே பேசினார். "டேய், உன் பையில இருக்கற ஒயரை எடுத்துப் பாரு. முனையில நீலக் கலர் டேப் சுத்தியிருக்கா?"

பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. "...இருக்குக்கா."

"கம்ப்யூட்டர் குழம்பிப் போச்சுன்னியே, யாருடா குழம்பினது?"

"ஒயரெல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்குக்கா. மாமா கோவமா இருக்காரா?"

"அவருக்கு எங்க கோவம் வரப்போகுது? வந்தா நாமதான் கேட்டிருப்போமே. நாளைக்கு வரப்போ கொண்டு வா" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

செட்டுக்காரருக்கு இதெல்லாம் காதிலேயே விழவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்கும் அவசரத்தில் வலது கையை வைத்து மெட்டின் முதல் வரியை வாசித்துவிட்டார். செருகிப் பிடுங்கிய களேபரத்தில் ஹெட்போனின் ஒயரும் கழன்று கீழே கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. சத்தம் லேப்டாப்பின் ஸ்பீக்கர் வழியாக அறைக்குள் வந்தது.

மனைவி போனும் கையுமாக நின்றார்.

செட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். பிறகு ஹெட்போன் ஒயரைத் தேடிக் குனிந்தார்.

"அதை எடுக்காதீங்க" என்றார் மனைவி. "வாசிங்க."

"இன்னும் முழுசா முடிக்கலை."

"முடிச்ச வரைக்கும் வாசிங்க."

அவர் வாசித்தார். காது சிவக்க, திரையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். கூட வாசிப்பதற்கென்று செய்ததால் அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. இடது கை நிதானமாக நடக்கும். வலது கை அங்கங்கே இரண்டு மூன்று சுரத்தைத் தூவிவிட்டு ஒதுங்கி நிற்கும். நடுவில் வெற்றிடம் நிறைய இருந்தது, இன்னொருவர் வந்து உட்காருவதற்காக விட்டுவைத்த நாற்காலி மாதிரி. மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கேட்ட டக் டக்கெல்லாம் இப்படித்தான் இருந்ததா என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்சம் கோபமும் வந்தது. பக்கத்து அறையில் வைத்துக்கொண்டே ஒரு மனுஷன் இதைத் தராமல் இருந்துவிட்டானே என்கிற கோபம். ஆனால் அதை அவர் சொல்லவில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார் செட்டுக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"நல்லா இருக்கு. ஆனா ரெண்டாவது வரி முடியற இடத்துல ஓடறீங்க."

"ஓடறேனா?"

"நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். அந்த இடத்துல மட்டும் முன்னாடியே போயிடறீங்க. ஊதறவங்க மூச்சு எங்க இழுப்பாங்க?"

அவர் அதை யோசித்ததே இல்லை. கையால் வாசிப்பவனுக்கு மூச்சைப் பற்றிக் கவலை இல்லை. மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மனைவி மேசையில் விரலால் தட்டி எண்ணினார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு மூச்சுக்கு இடம் விட்டு, முதலிலிருந்து வாசித்துப் பதிந்தார். முடியாத பாதியையும் அன்று காலை அப்படியே முடித்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனது இருவருக்குமே தெரியவில்லை.

சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பியபோது மனைவியும் செருப்பைப் போட்டுக்கொண்டார். "எண்ணிக் குடுத்தவ நான். பாட்டு எப்படிப் போய்ச் சேருதுன்னு பாக்க வேண்டாமா?"

பேண்டு டீச்சர் கிளினிக் வாசலில் பெட்டியோடு முன்னதாகவே நின்றிருந்தார். உள்ளறையில் விளக்கைப் போட்டு, செட்டுக்காரர் புதுச் செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டீச்சர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். நாக்கால் தடவிப் பார்த்தார். கிளாரினெட்டைப் பொருத்தி உதட்டில் வைத்தார். செட்டுக்காரர் கம்ப்யூட்டரில் பாட்டை ஓடவிட்டார்.

முதல் வரியில் சத்தம் நடுங்கியது, ஆனால் அறுந்துபோகவில்லை. இரண்டாவது வரியில் நடுக்கம் குறைந்தது. வரி முடிகிற இடத்தில் பியானோ காத்திருந்தது. டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே போனார். செட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரியில் மெட்டு உச்சிக்கு ஏறுகிற இடம். அங்கே டீச்சர் பல்லை அழுத்திப் பிடித்தார். செட்டு பின்னால் கழன்றது. கீச்சென்று ஒரு சத்தம். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பியானோ தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. செட்டுக்காரரின் கை அதை நிறுத்துவதற்காக நீண்டது. டீச்சர் தலையை வேகமாக ஆட்டி வேண்டாம் என்றார். நாக்கால் செட்டை மேலே தள்ளி உட்காரவைத்தார், கிளாரினெட்டைத் திரும்ப உதட்டுக்குக் கொண்டுபோனார், நான்காவது வரியில் சரியாக வந்து சேர்ந்துகொண்டார். கடைசி வரை ஊதினார்.

ஊதி முடித்ததும் கிளாரினெட்டை இறக்கினார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அந்த ஒரு இடம்தான்" என்றார் செட்டுக்காரர். நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார். இடது பக்கம் ஒரு பல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மோட்டாரில் ஒரு பொட்டு ராவினார். மறுபடி ஊதியபோது கொஞ்சம் தேவலை. ஆனால் அந்த உச்சியில் செட்டு இன்னும் அசைந்தது.

"இதுக்கு மேல ராவினா சாப்பிடறப்போ பிடிக்காது டீச்சர். சொந்தப் பல்லு மாதிரி என்னால பண்ண முடியாது." அதைச் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

டீச்சர் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மனைவி மெதுவாகக் கேட்டார்: "அந்த உச்சி அவ்வளவு உசரத்துலதான் இருக்கணுமா? மொத்தப் பாட்டையும் கீழே இறக்கினா என்ன? எல்லாத்துலேர்ந்தும் ஒரே எண்ணைக் கழிச்சா வித்தியாசம் மாறாதே."

செட்டுக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கம்ப்யூட்டருக்குள் போன பாட்டை இறக்குவது ஒரு நொடி வேலை. மறுபடி வாசிக்கக்கூட வேண்டாம். இரண்டு கட்டை இறக்கினார். "உங்களுக்கு விரல் மாறுமே டீச்சர்?"

"முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு மாத்தி மாத்தி எழுதிக் குடுத்திருக்கேன். எனக்கு விரல் மாறாதா?" என்றார் டீச்சர். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

பாட்டு ஓடியது. இறக்கிய சுருதியில் மெட்டு இன்னும் நிதானமாக, அடர்த்தியாக இருந்தது. உச்சி வந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் ஏறியது, ஓர் ஓரத்தில் சற்றே கரகரத்தது, ஆனால் உடையவில்லை. செட்டு தன் இடத்திலேயே இருந்தது.

முடிந்ததும் டீச்சர் முதலில் செய்த காரியம், மறுபடி ஊதியதுதான். கேட்காமலே. அதற்கப்புறம் இன்னொரு தடவை. பிறகுதான் பெட்டியைத் திறந்து கிளாரினெட்டைத் துடைத்து வைத்தார். "சின்னப் பிள்ளைங்களோடயே வாசிச்சுப் பழகினவ நான். அவங்க எனக்காகக் காத்திருக்க மாட்டாங்க, நான்தான் அவங்களுக்காகக் காத்திருக்கணும். எனக்காக ஒருத்தர் காத்திருந்து வாசிச்சது இன்னைக்குத்தான்" என்றார்.

செட்டுக்காரர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். மனைவி அவருடைய முழங்கையை இடித்தார். "எனக்கும் அப்படித்தான் டீச்சர், இன்னொருத்தரோட சேர்ந்து வாசிச்சது இன்னைக்குத்தான்" என்று சொன்னார் அவர், இடிபட்ட பிறகு.

அந்தச் செட்டு நன்றாகவே உழைத்தது. பேண்டு டீச்சர் பழைய மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னக் குழு நடத்தத் தொடங்கினார். உயரமான சுரங்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தாழ்ந்த வரிகளைத் தனக்கு வைத்துக்கொண்டார். அவர் மூலம் கேள்விப்பட்டு டிரம்பெட் ஊதும் ஒருவரும், புல்லாங்குழல் வாசிக்கும் இன்னொருவரும் முன்பல் பிரச்சினையோடு வந்து சேர்ந்தார்கள். "இது பல் கிளினிக்கா, பேண்டு ஆபீஸா?" என்று டாக்டர் அலுத்துக்கொண்டார். ஆனாலும் உள்ளறைக்கு இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்.

வீட்டில் கீபோர்டு முன்னறைக்கு வந்துவிட்டது. டியூஷன் பிள்ளைகள் போனபிறகு செட்டுக்காரர் அதன்முன் உட்காருவார். மனைவி கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பார். எங்கேயாவது இவர் அவசரப்பட்டால் சிவப்பு மைப் பேனா அப்படியே நிற்கும். தலையை நிமிர்த்தாமலே, "மறுபடியும்" என்பார் மனைவி. அவரும் மறுபடி வாசிப்பார்.